தொட்டியின் பகல்

சேவல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூவியது.

ஒரு தடவை கூவிவிட்டு நிறுத்தியிருந்தால் கிறுக்குச் சேவல் என்று நெவியா விட்டிருப்பாள். அது கொல்லைச் சுவரில் ஏறி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, விடிகாலையில் காட்டுகிற அதே மிடுக்கோடு மறுபடி மறுபடி கூவியது. வெளியே ஜனவரி வெயில் உச்சியில் நின்றது. அடுப்பில் மக்காச்சோளக் களி கொதித்துத் தெறித்துக்கொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடியே அவள் காது கொடுத்தாள். படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. புருஷன் டாரியோ கொட்டாவி விட்டான். பக்கத்து அறையில் எட்டு வயது மகள் கொரீனா செருப்பைத் தேடினாள். சரியான நேரத்துக்குத்தான் கூவியிருக்கிறது என்பது போல இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"என்ன, விடிஞ்சதும் விடியாததுமா களி கிண்டுற?" என்றான் டாரியோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து.

"விடிஞ்சதா? கடிகாரத்தைப் பாரு."

பார்த்தான். "பேட்டரி தீர்ந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டான்.

இது அன்றைக்குத் தொடங்கியது இல்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்தே வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டு வந்தது. முதலில் கொரீனா பள்ளிப் பேருந்தை விட்டாள். சோம்பேறித்தனம் என்று நெவியா நாலு வசவு விட்டாள். பிறகு டாரியோவும் பிந்தி எழுந்தான். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சற்றே தாமதம், தூங்கப் போவதும் அதே அளவு தாமதம். இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் எழுந்தார்கள், ஒரே நிமிடத்தில் கொட்டாவி விட்டார்கள். ஊர் மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்து, குளிர்காலச் சோர்வு, ரத்தம் கம்மி என்று டானிக் எழுதித் தந்தார். நெவியாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவள் எப்போதும் போலக் கதிரவனோடு எழுந்தாள், கதிரவனோடு அலுத்தாள்.

அவர்கள் வீடு உப்பளத்துக்கு மேலே, குன்றின் சரிவில் இருந்தது. சன்னலைத் திறந்தால் பிரான் விரிகுடா வரைக்கும் பாத்திகள்தான். இந்த ஊர்ப் பாத்திகளில் வெறும் சேற்றின் மேல் உப்பு விளைவதில்லை. அடியில் பெத்தோலா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் பின்னிப் பிணைந்து வளர்ந்த பசும்பழுப்புத் தோல் அது. உப்பில் சேறு ஒட்டாமல் காப்பது அதுதான். தலைமுறை தலைமுறையாக அதை மிதிக்காமல், கிழிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில் ட்ரகோனியா ஆறு பெருகிப் பாத்திக்குள் நல்ல தண்ணீர் புகுந்தது. பெத்தோலாவுக்கு நல்ல தண்ணீர் விஷம். பாதி உப்பளம் செத்தது.

அப்போதுதான் டாரியோ யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான். தன் அப்பன் காலத்துப் பாத்தியிலிருந்து கதவளவு பெத்தோலாவை அறுத்து எடுத்து, வீட்டு நிலவறையில் மத்தி மீன் உப்புப் போடுகிற பழைய கல்தொட்டியில் உப்புநீர் விட்டு வைத்துக்கொண்டான். ரொட்டிக்குப் புளித்த மாவை எடுத்து வைக்கிற மாதிரிதானே, வசந்தத்தில் பாத்தியில் போட்டு வளர்த்துவிடலாம் என்றான். எந்த உப்பளக்காரனும் பெத்தோலாவை வெயிலிலிருந்து பிரிக்க மாட்டான். ஆனால் பிழைப்பு போய்விடும் என்கிற பயம் வந்தவனிடம் இதையெல்லாம் யார் சொல்வது.

சாகும் என்று நெவியா நினைத்தாள். சாகவில்லை. சன்னல் இல்லாத அந்த அறையில், கொதிகலனின் வெதுவெதுப்பில், தொட்டி விளிம்பில் உப்பு பூத்தது. பாத்தியில் காணக் கிடைக்காத வெள்ளை. டாரியோவுக்குத் தலைகால் புரியவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சின்னச் சின்னத் துணிப்பைகளில் கட்டி, சரிவில் இருந்த எல்லா வீட்டுக்கும் கொடுத்தான். மாதா மாதம் மாதிரி எடுக்க வரும் கடல் ஆராய்ச்சிக்காரி யாட்ரன்காவுக்கும் ஒன்று. கோழிகளுக்குக் கூட மிச்ச ரொட்டியில் அந்த உப்புதான் போயிற்று.

நெவியா மட்டும் அதைத் தொடவில்லை. சிறுநீரகக் கோளாறு, உப்பை வாயிலே வைக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. உப்பளத்துக்காரனைக் கட்டிக்கொண்டு உப்பில்லாமல் சாப்பிடுகிறவள் என்று ஊரே கிண்டல் செய்தது. அவள் கோபப்பட்டால் டாரியோ சிரிப்பான்.

"உப்புப் போட்டுத் திங்குறவங்களுக்குத்தான் ரோஷம் வரும். உனக்கு எங்கேருந்து வருது?"

பிப்ரவரியில் அவர்களுடைய காலை சாயங்காலத்துக்கு வந்து சேர்ந்தது. நெவியா கண்ணயரும் நேரத்தில் டாரியோ வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு வரப்பு கட்டப் போனான். விளக்கு கொண்டு போகவில்லை. கும்மிருட்டில் மண்வெட்டி சரியாக விழுகிற சத்தம் கேட்டது. நடுச்சாமத்தில் திரும்பி வந்து நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, என்ன வெயில், என்ன வெயில் என்றான். கொரீனா கொல்லையில் கயிறு தாண்டி விளையாடினாள். ஒரு நாள் அவளைக் குளிப்பாட்டும்போது நெவியா பார்த்தாள்: குழந்தையின் மூக்கு நுனியும் தோளும் கருத்துத் தோலுரிந்திருந்தன. கோடையில் கடற்கரையில் நாள் முழுக்க ஆடினால் வருகிற மாதிரி. வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காத குழந்தை. நெவியாவின் கை சோப்போடு அப்படியே நின்றுவிட்டது.

காரணம் தெரிந்தது ஒரு மாலையில். வீடு தூங்கிக்கொண்டிருந்தது. அவள் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மரத்தரையின் இடுக்கு வழியே கடற்சேற்று வாடையும் அழுகிய முட்டை வாடையும் லேசாக ஏறி வந்தன. அதோடு ஒரு சத்தம். சோடா பாட்டிலைத் திறந்து வைத்தது போல மெல்லிய, ஓயாத பொரிதல். அவளுக்கு அது என்னவென்று தெரியும். பாத்தியில் காலை வெயில் ஏறும்போது பெத்தோலா கோடிக் குமிழி விடும். குனிந்து நின்றால் கேட்கும். வெயிலில் மட்டும்தான் கேட்கும். இப்போது அது வெளிச்சமே படாத நிலவறையிலிருந்து, இருட்டுகிற நேரத்தில் வந்தது.

சேவல் கூவியது. கட்டில் கிறீச்சிட்டது. குழந்தை செருப்பைத் தேடியது. சரிவுக்குக் கீழே ஜெம்மா அக்கா வீட்டில் சன்னல் கதவுகள் படார் படாரென்று திறந்தன. அதற்கடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.

யாட்ரன்கா இலையுதிர் காலத்தில் சொன்னது அப்போதுதான் நெவியாவுக்கு உறைத்தது. பாத்தியோரம் குந்தி உட்கார்ந்து, குப்பியில் மாதிரி எடுத்தபடி, விளையாட்டாகத்தான் சொன்னாள். "இதுங்க ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு நெவியா. இருட்டுல போட்டு அடைச்சாலும் அது நிக்காது. ஆனா சூரியனைப் பாத்து மணியைச் சரி பண்ணிக்க முடியாதில்ல, அதனால நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்திக்கிட்டே போகும்."

கீழே தொட்டியில் இருந்த அது தன் கணக்கில் ஒரு பகலை நடத்திக்கொண்டிருந்தது. அதன் உப்பைத் தின்றவர்கள் அதன் பகலில் எழுந்தார்கள்.

நெவியாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. என் வீட்டில், என் பிள்ளைக்கு எப்போது விடிய வேண்டும் என்று ஒரு தொட்டிப் பாசி முடிவு செய்வதா? வீட்டிலிருந்த உப்பையெல்லாம் வாரிக்கொண்டு போய்க் கால்வாயில் கொட்டினாள். உப்பில்லாமல் சமைத்து வைத்தாள். கொரீனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். போனவள் வரவில்லை. தேடிக்கொண்டு நெவியா நிலவறைப் படியில் இறங்கினாள். இருட்டில் நாய் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். சுவிட்சைப் போட்டாள். குழந்தை தொட்டி விளிம்பில் முகத்தை வைத்து நக்கிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் வெள்ளை. விளக்கு எரிந்ததை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் நண்பகலில், அவர்கள் ஆழ்ந்து தூங்கும் நேரம் பார்த்து, நெவியா மழைநீர்ப் பீப்பாயிலிருந்து ஒரு வாளி எடுத்துக்கொண்டு இறங்கினாள். நல்ல தண்ணீர். எந்த உப்பளத்துக்காரிக்கும் தெரிந்த விஷம். ஒரு குவளை ஊற்றினாள். பெத்தோலாவின் ஓரம் சுருண்டு வெளுத்தது. சாவு, சாவு என்று முணுமுணுத்துக்கொண்டு இன்னொரு குவளை மொண்டாள். அப்போது ஏதோ குறைந்தது போல இருந்தது. என்ன குறைந்தது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. மாடியிலிருந்து வந்துகொண்டிருந்த டாரியோவின் குறட்டை நின்றிருந்தது.

ஓடினாள். கொரீனா மல்லாந்து கிடந்தாள். நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம்.

திரும்ப ஓடினாள். தொட்டியிலிருந்த தண்ணீரை இறைத்துக் கொட்டி, கையில் அகப்பட்ட உப்புநீரையெல்லாம் ஊற்றினாள். சுருண்ட ஓரம் மெல்ல நீண்டது. மேலே குறட்டை மறுபடி கேட்டது. அடுத்த நாள் குழந்தையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். குன்றைத் தாண்டினதும் குழந்தை மறுபடி நீலம் பாய்ந்தாள். திருப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

விரிகுடாக் கரையில், குன்றுக்கு இந்தப் பக்கமே இருந்த யாட்ரன்காவுக்குப் பகலில் பல தடவை ஃபோன் செய்து பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை. ஒரு ராத்திரி, வாடைக்காற்று கூரை ஓடுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தபோது, யாட்ரன்காவே கூப்பிட்டாள். குரலில் அத்தனை உற்சாகம்.

"இங்க வெயில் பல்லைக் காட்டுது நெவியா. கடல் கண்ணைக் கூசுது. நீ தூங்கிட்டா இருக்கே, இந்நேரத்துல?"

நெவியா சன்னலைப் பார்த்தாள். கருப்பு. யாட்ரன்காவும் அந்த உப்பை வாங்கிக்கொண்டு போனவள்தான். ஆனால் கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? தொட்டியின் மணியைத் திருத்த என்ன வழி என்று கேட்டாள்.

"வெளிச்சம்தான். உச்சி வெயில்ல விரிச்சு வெச்சா போதும், அது சூரியனோட நேரத்துக்கு வந்துடும். கொல்ல வேண்டியதே இல்லை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "வெறுங்கையால எடு. அப்பத்தான் கிழியாம வரும்."

வானம் துடைத்து விட்டது போலிருந்த ஒரு நண்பகலில் நெவியா மறுபடி இறங்கினாள். ஊரில் ஒரு சத்தம் இல்லை. புகைபோக்கியில் புகை இல்லை. எல்லா வீட்டிலும் நடுநிசி.

தொட்டி நிரம்பி வழிந்திருந்தது. விளிம்பைத் தாண்டி, கல்லைத் தழுவி, தரை வரை இறங்கியிருந்தது அந்தத் தோல். சுவரிலும் கையகலத்துக்கு ஏறியிருந்தது. வாடை தொண்டையை அடைத்தது. அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"வா. உன் மணியை இன்னைக்கு நான் வெக்கிறேன்."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கனத்தது. வழுக்கியது. அடியில் உப்புப் படிகம் பாளம் பாளமாக, உள்ளங்கையைக் கிழித்தது. வெட்டில் உப்புநீர் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விடவில்லை. படி ஏறினாள். ஒரு படி. இன்னொரு படி. அது பின்னால் தரையைப் பற்றிக்கொண்டு வருவது போலிருந்தது. இழுத்தாள். கதவு. வெயில்.

கொல்லைக் கல்தளத்தில் போட்டு விரித்தாள். வெயில் பட்டதும் அது ஒரு கணம் சிலிர்த்தது. "பாத்துக்கோ. அதோ இருக்கே, அதுக்குப் பேர்தான் சூரியன்," என்றாள் மூச்சிரைக்க. பச்சைத் தோல் முழுக்கக் குமிழிகள் எழும்பின. அந்தப் பொரிதல் சத்தம். நல்ல பகலில், வெளிச்சத்தில், எப்போது கேட்க வேண்டுமோ அப்போது.

குறட்டை நின்றது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. காலடி. கதவு திறந்தது. கொரீனா இரவு உடுப்போடு, வெறுங்காலோடு, நடுப்பகல் வெயிலில் வாசற்படியில் நின்றாள். நெவியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சிரித்தே விட்டாள்.

குழந்தை கையை நீட்டிச் சுவரைத் தடவினாள். அடுத்த அடிக்குக் காலால் படியைத் தேடினாள்.

"அம்மா, எங்க இருக்க? ஒரே இருட்டா இருக்கு."

முகம் நேராக வெயிலைப் பார்த்திருந்தது. கண் சிமிட்டவில்லை. கருவிழிகள் இருட்டில் பூனைக்கு விரிவது போல முழுக்க விரிந்திருந்தன.

கீழே கதவுகள் திறந்தன. சரிவில் ஆட்கள் ஏறி வந்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலைமுடி கலைந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. கையில் விளக்குகள். டார்ச்சுகள், மெழுகுவர்த்திகள். முன்னால் ஜெம்மா அக்கா மண்ணெண்ணெய் விளக்கை உயர்த்திப் பிடித்து வந்தாள். உச்சி வெயிலில் அந்தச் சுடர் எரிவதே தெரியவில்லை.

"நடுராத்திரியில என்ன நெவியா இது?" என்றாள் ஜெம்மா அக்கா. "நல்லா தூங்கிட்டிருந்தோம்."

டாரியோ குழந்தைக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது. "உள்ள வெச்சிடலாம் வா. விடியறதுக்குள்ள வெச்சிடணும்," என்று மட்டும் சொன்னான். அவர்கள் குனிந்து கல்தளத்தைத் தடவத் தொடங்கினார்கள்.

நெவியா பெத்தோலாவின் மேல் ஏறி நின்றாள். பிறந்ததிலிருந்து மிதித்திராத ஒன்றை இரண்டு காலாலும் மிதித்து நின்றாள்.

"எவளாவது, எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன். விடிஞ்சாச்சு. விடிஞ்சு எவ்வளவோ நேரமாச்சு. நடுப்பகல்."

கொரீனாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். குழந்தையின் முகத்தைப் பிடித்துச் சூரியனை நோக்கி நிமிர்த்தினாள். "சொல்லு. நடுப்பகல்னு சொல்லு." ரொம்பப் பக்கத்தில் அவளுக்கு அந்தப் பொரிதல் கேட்டது. கல்தளத்திலிருந்து வரவில்லை. குழந்தையின் வயிற்றிலிருந்து வந்தது. மெல்லியதாக. ஓயாமல். தொட்டியில் இருந்ததை எங்கே வைத்தால்தான் என்ன, எப்போதோ அது இவர்கள் உடம்புக்குள் இடம் மாறியிருந்தது.

"அம்மா, உன் கை உப்புக் கரிக்குது," என்றாள் கொரீனா. கிழிந்த உள்ளங்கையில் வாயை வைத்துக்கொண்டாள்.

அதுவரை தீயாக எரிந்துகொண்டிருந்த கை. இப்போது எரியவில்லை. குளிர்ந்தது. வெட்டுக்குள் ஏதோ சின்னச் சின்னதாக வெடித்தது. குமிழி குமிழியாக. மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது.

நெவியா குழந்தையை விடவில்லை. காலையும் எடுக்கவில்லை.

"நடுப்பகல்," என்றாள்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. பாத்திகளின் மினுமினுப்பு விரிகுடா ஓரத்திலிருந்து ஒவ்வொரு பாத்தியாக மங்கிக்கொண்டு வந்தது.

"நடுப்பகல்."

ஜெம்மா அக்கா பரிவோடு விளக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். நெவியாவுக்குக் கண் கூசியது. தலையைத் திருப்பினாள். பின்னால் கல்தளத்தில், அந்தச் சின்னச் சுடரின் வெளிச்சத்தில், தன் நிழலும் மகளின் நிழலும் நீளமாக, தெளிவாக விழுந்திருப்பதைப் பார்த்தாள்.

"நடுப்பகல்," என்றாள் நெவியா, இன்னும் உரக்க.